அந்த ஜீன்ஸும் அப்பாவின் துண்டும்: ‘ஹவுஸ்’ தொடரில் காட்டும் நோய்கள் எவ்வளவு நிஜம்?

#1 மன்னார்குடி மகள்

இரண்டு வாரமாக ‘ஹவுஸ்’ பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய பழைய தொடர், எனக்குத்தான் புதிது. காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் கடுகடுப்பான ஒரு டாக்டர். யாருக்கும் பிடிபடாத நோயோடு ஒவ்வொரு பகுதியிலும் ஒருவர் வந்து சேர்வார். நாலைந்து முறை தப்பாக யூகித்து, ஆள் பிழைப்பாரா என்ற கட்டத்தில் நோயைக் கண்டுபிடிப்பார்கள். நேற்று முதல் சீசனின் எட்டாவது பகுதியைப் பார்த்தேன். பார்த்தபிறகு தூக்கமே வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பையன் வகுப்பிலேயே மயங்கி விழுகிறான். நாடித் துடிப்பு குறைந்துகொண்டே போகிறது. போதை மருந்தாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்படுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே கோளாறோடு இன்னொரு பையனும் வருகிறான். கடைசியில் பார்த்தால், இரண்டு பேரும் வாங்கிப் போட்ட புது ஜீன்ஸில் பூச்சிமருந்து ஊறியிருக்கிறது. ஃபாஸ்மெட் என்கிற ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து. குடிக்கவில்லை, முகரவில்லை, துணியிலிருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கியிருக்கிறது.

எங்கள் அப்பாவுக்கு நடந்ததும் இதேதான்.

தாளடிப் பயிர். புகையான் விழுந்து வயல் வட்ட வட்டமாகக் கருகிக்கொண்டிருந்தது. அப்பா காலையிலிருந்து மருந்து அடித்தார். முதுகில் மாட்டும் டேங்குக்கு மூடி சரியாகப் பிடிக்காது, கசியும். வார் அறுக்காமல் இருக்கத் தோளில் துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் டேங்கை மாட்டியிருந்தார். துண்டு முழுக்க மருந்து. மத்தியானம் அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

சாயங்காலம் வேர்த்துக் கொட்டியது. எச்சில் ஊறி ஊறி வழிந்தது. வயிற்றைப் புரட்டி நாலு தடவை வெளியே போனார். கண் மங்கலாகத் தெரிகிறது என்றார். அழைத்துப் போன கிளினிக்கில் வயிற்றுப்போக்கு என்று சொல்லி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு மூச்சு வாங்கியது. அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே இருந்த சிஸ்டர் அப்பாவைப் படுக்கவைப்பதற்குள் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, “இன்னிக்கு என்ன வேலைக்குப் போனார்?” மருந்தடிக்க என்று அம்மா சொன்னதும் வேட்டி சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்து, தலையிலிருந்து கால் வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். டார்ச் அடித்துப் பார்த்தபோது கண்ணின் பாப்பா கடுகளவுதான் இருந்தது. நல்லவேளையாக அப்பா பிழைத்துவிட்டார்.

நோய்க்குக் காரணம் தேடி ஹவுஸின் ஆட்கள் நோயாளியின் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு அவசியமே இல்லை. அந்தத் துண்டு வாசல் கொடியில் தொங்கியது. அலசிப் போட்ட அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கிளினிக்கில் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். அந்தப் பகுதியில் காட்டியது சரிதானா? மற்ற நோய்களையும் சரியாகத்தான் காட்டுகிறார்களா?

#2 ஓய்வுபெற்ற செவிலியர், திருவாரூர்

மகளே, உன் அப்பா பிழைத்து வந்ததில் எனக்கு நிம்மதி. முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் இருந்தவள் நான். பாதி நாள் இந்த நோயாளிகளோடுதான் போயிருக்கிறது.

தோல் வழியாக ஏறும் என்பது முழுக்கச் சரி. ஈரத்துணி உடம்பில் ஒட்டியிருந்தால் இன்னும் வேகமாக ஏறும். நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளை கொடுத்து முடித்ததும், அந்தக் கட்டளையை அழிக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். கட்டளை அழியாமல் நின்றுவிடும். அதனால்தான் எச்சில், வேர்வை, கண்ணீர், வயிற்றுப்போக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. தசை துடிக்கும், நாடி தளரும். நெஞ்சுக்குள் சளி நிரம்பி மூச்சு முட்டுவதுதான் ஆளைக் கொல்லும்.

தொடரில் ஒழுங்காகக் காட்டாதது அதற்குப் பிறகு வரும் நாட்களை. மாற்று மருந்து கிடைத்தது, பையன் எழுந்து உட்கார்ந்தான், முடிந்தது என்பதுபோல் இருக்கும். வார்டில் அப்படி நடக்காது. அட்ரோபின் ஊசி போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்போம். சளிச் சத்தம் அடங்கவில்லை என்றால் அளவை இரண்டு மடங்காக்குவோம். நெஞ்சு காய்ந்து, நாடி எண்பதைத் தாண்டும் வரைக்கும் இதுதான் வேலை. மருந்து கொஞ்சம் கூடிவிட்டால் நோயாளி பிதற்றுவார், போர்வையைப் பிய்ப்பார், இல்லாத பூச்சியைக் காற்றில் பிடிப்பார். சொந்தக்காரர்கள் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அழுவார்கள். அது மருந்தின் வேலை, குறைத்தால் அடங்கிவிடும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று மிக முக்கியம். ஆள் தெளிந்துவிட்டார், கஞ்சி குடித்தார், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கும்போது, ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் திடீரென்று தசை சோர்ந்து போகும் ஒரு கட்டம் சிலருக்கு உண்டு. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் முடியாது. அதுதான் முதல் அடையாளம். அடுத்து மூச்சுத் தசை நிற்கும், வென்டிலேட்டர் வேண்டும். காலை ரவுண்டில் “தலையைத் தூக்குங்க அய்யா” என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான். தெளிந்துவிட்டதே என்று யாரும் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போய்விடாதீர்கள்.

பிராலிடாக்சிம் என்று ஒரு மருந்தின் பெயர் தொடர்களில் அடிபடும். அதன் பலன் பற்றி டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. அட்ரோபினும் மூச்சைக் காப்பாற்றுவதும்தான் அடிப்படை.

#3 எட்டு சீசனும் பார்த்தவன், தஞ்சாவூர்

177 பகுதிகளையும் இரண்டு முறை பார்த்தவன் என்ற உரிமையில் ஒரு சேதி சொல்கிறேன். லிசா சாண்டர்ஸ் என்ற டாக்டர் நியூயார்க் டைம்ஸ் இதழில் நிஜ நோயாளிகளின் புதிர்களை எழுதிவந்தார். தொடருக்கான தூண்டுதல்களில் அந்தப் பத்தியும் ஒன்று, அவரே தொடருக்கு ஆலோசகராகவும் இருந்தார். அதனால் நோய்கள் பெரும்பாலும் நிஜமானவைதான். அவை கண்டுபிடிக்கப்படும் வேகத்தில்தான் கற்பனை.

இதே தொடரால் ஓர் உயிர் பிழைத்ததும் உண்டு. ஜெர்மனியில் மார்பர்க் நகர மருத்துவமனைக்கு 55 வயது மனிதர் ஒருவர் இதயம் செயலிழந்து வந்தார். காய்ச்சல், காது கேட்கவில்லை, பார்வையும் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது சீசனில் இடுப்பு மூட்டுக்கு வைத்த உலோகத்திலிருந்து கோபால்ட் நஞ்சு ஏறுவதாக ஒரு கதை வரும். அந்தப் பகுதியை மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருந்த டாக்டர்கள், இவருக்கும் செயற்கை இடுப்பு மூட்டு இருப்பதைப் பார்த்துச் சோதித்தார்கள். ரத்தத்தில் கோபால்ட் ஏகத்துக்கு இருந்தது. 2014-ல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள். நல்ல டாக்டர்கள், எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள் என்று அவர்களே சொன்னதாகப் படித்தேன். இருந்தாலும் கதை நினைவில் இருந்ததால் கேள்வி சீக்கிரம் வந்தது.

#4 உரக்கடை, நீடாமங்கலம்

இருபது வருடமாக உரமும் மருந்தும் விற்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு மருந்தே விஷம், கடைக்காரன் கொலைகாரன் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். டப்பாவில் முக்கோணக் குறி எதற்காகப் போட்டிருக்கிறது? சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், நீலம், பச்சை. என்ன மாற்று மருந்து என்பதும் அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. கையுறை போடுங்கள், முழுக்கை போடுங்கள் என்று சொல்லித்தான் விற்கிறோம். கேட்பவர்கள் எத்தனை பேர்? நாசில் அடைத்தால் வாயால் ஊதி எடுப்பவர்களை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

#5 மன்னார்குடி மகள்

அண்ணே, உங்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் அப்பாவும் வாயால் ஊதியவர்தான். ஆனால் சேற்றில் முட்டிவரை கால் புதைய, பதினைந்து கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்து நடப்பவருக்கு ரப்பர் கையுறையும் பிளாஸ்டிக் கோட்டும் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அந்தத் தாளில் இருக்கும் எழுத்து எறும்பு அளவு. கண்ணாடி போட்ட எனக்கே படிக்க முடியவில்லை. அடுத்த நாள் களை பறிக்க இறங்கும் பெண்களுக்கு, நேற்று இங்கே என்ன அடித்தார்கள் என்று சொல்வதற்கும் ஆளில்லை.

#6 ஓய்வுபெற்ற செவிலியர், திருவாரூர்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். கசியும் டேங்கைத் தோளில் ஏற்றவே கூடாது, முதலில் வாஷரை மாற்றுங்கள். பழைய முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். காலை வெயில் ஏறுமுன், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நடங்கள். நாசிலுக்கு ஒரு பழைய பல் பிரஷ் போதும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் சாப்பாடு, வெற்றிலை எல்லாம். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள், குளத்தில் அலசாதீர்கள்.

யாராவது மருந்தைக் குடித்துவிட்டாலோ, அடித்துவிட்டு வந்து மயங்கினாலோ சாணிக் கரைசல், புளிக் கரைசல், சோப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய், பிழைக்க வேண்டியவர் இறந்ததை நான் பார்த்திருக்கிறேன். துணியைக் கழற்றுங்கள், கழுவுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். டப்பா வந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

#7 குடந்தை அக்கா

நான் வேறு ஒரு நோயைப் பற்றிக் கேட்க வந்தேன். இந்தத் தொடரின் முதல் பகுதியிலேயே ஒரு டீச்சர் வகுப்பில் பேச்சு தடுமாறி, வலிப்பு வந்து விழுவார். மூளையில் நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம் என்று கடைசியில் தெரியும். தொடையை எக்ஸ்ரே எடுத்து, அங்கே இருக்கும் புழுவைக் காட்டித்தான் அந்த டீச்சரை நம்பவைப்பார்கள். பன்றி இறைச்சியால் வந்தது என்று சொல்வார்கள்.

என் தங்கைக்குப் பதினாறு வயதில் முதல் வலிப்பு வந்தது. பேருந்து நிலையத்தில் விழுந்தாள். சுற்றி நின்றவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், ஒருவர் வாயில் ஸ்பூனை வைக்கப் பார்த்தார். ஸ்கேனில் மூளையில் சின்னதாக ஒரு கட்டி. நாடாப்புழு என்று டாக்டர் சொன்னதும் அம்மா உடைந்து போனார். நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத வீடு. “என் பிள்ளை பன்றிக்கறி தின்றாள் என்கிறீர்களா” என்று டாக்டரிடமே சண்டை. சிறிது நாள் அம்மா தங்கையையே சந்தேகப்பட்டு, ஹாஸ்டலில் என்ன சாப்பிட்டாய் என்று துருவியதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. இந்தத் தொடரைப் பார்ப்பவர்களும் அப்படித்தானே நினைப்பார்கள்?

#8 ஓய்வுபெற்ற செவிலியர், திருவாரூர்

குடந்தைத் தங்கச்சி, இதை எழுதியதற்கு நன்றி. இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருக்கிறது.

சரியாக வேகாத பன்றி இறைச்சியைச் சாப்பிட்டால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளைக்குப் போவது வேறு வழி. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அது கலந்த தண்ணீர், அந்த மண்ணில் விளைந்து சரியாகக் கழுவாத கீரை, கொத்தமல்லி, கை கழுவாமல் பரிமாறும் சாப்பாடு, இவை வழியாக முட்டை வயிற்றுக்குள் போனால்தான் புழுக்குஞ்சு ரத்தத்தோடு போய் மூளையிலும் தசையிலும் கூடு கட்டும். அதற்கு இறைச்சியைத் தொடவே வேண்டியதில்லை. சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வரும், வந்திருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் தங்கைக்கு இருந்ததுபோல் ஒற்றைச் சிறு கட்டியோடு வருபவர்கள் நம் நாட்டில் நிறைய. முன்பு இதை மூளைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். பலருக்கு அது காசநோய் அல்ல, இந்தப் புழுவின் கூடுதான் என்று நிரூபித்ததில் வேலூர் சி.எம்.சி. டாக்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த ஒற்றைக் கட்டி பெரும்பாலும் கரைந்துவிடும். வலிப்பு மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை விடாமல் சாப்பிட வேண்டும். தொடரில் அல்பெண்டசோல் மாத்திரையோடு கதை முடியும். நிஜத்தில் புழு சாகும்போது மூளை வீங்கும், அதனால் கூடவே ஸ்டீராய்டும் தருவார்கள். யாரும் கடையில் வாங்கித் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

வலிப்பு வந்தால் சாவி வேண்டாம், ஸ்பூன் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் உடனே ஆம்புலன்ஸ்.

#9 குடந்தை அக்கா

சிஸ்டர், அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தங்கைக்குப் போன் போட்டார். அவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வலிப்பு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

#10 ஆம்புலன்ஸில் வேலை செய்பவன், நாகப்பட்டினம்

நெஞ்சை அமுக்குவது பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். எல்லா ஆஸ்பத்திரித் தொடர்களிலும் திரையில் கோடு நேராகப் போனதும் கரண்ட் ஷாக் கொடுப்பார்கள், ஆள் எழுந்துவிடுவார். நேர்கோட்டுக்கு ஷாக் வேலை செய்யாது. இதயம் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்தால்தான் ஷாக். நின்றே போயிருந்தால் அமுக்குவதும் மருந்தும்தான். 1996-ல் அமெரிக்காவில் மூன்று தொடர்களை வைத்து ஆராய்ந்தபோது, திரையில் முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தில் பிழைத்துவிடுவதாகக் காட்டியிருந்தார்கள். நிஜத்தில் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

இதனால் எனக்கு என்ன கஷ்டம் என்றால், நாற்பது நிமிடம் அமுக்கியும் உயிர் வராதபோது வீட்டார் என் சட்டையைப் பிடிக்கிறார்கள். டிவியில் வருகிறதே, உனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நாங்கள் வந்து சேருவதற்கு முன் அந்தப் பத்து நிமிடம் யாராவது அமுக்கியிருந்தால் என்றுதான் தோன்றும். நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கற்றுக்கொள்ளுங்கள்.

#11 மயிலாடுதுறையிலிருந்து

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். அந்தத் தொடரில் ஒவ்வொரு முறையும் யாராவது லூபஸா என்று கேட்பதும், இல்லை என்று தள்ளிவிடுவதும் ஒரு வழக்கமாகவே இருக்கும். நாலாவது சீசனில் ஒரு மேஜிக் கலைஞருக்கு உண்மையிலேயே லூபஸ் என்று வந்தபோது நான் அழுதேன்.

எனக்குக் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆனது. கை மூட்டு வலிக்கு சிக்குன்குனியாவின் மிச்சம் என்றார்கள். வயலில் நின்றால் முகத்தில் சிவப்புத் தடிப்பு வருவதற்கு வெயில் அலர்ஜி என்றார்கள். முடி கொட்டியதற்கு எண்ணெய் மாற்றச் சொன்னார்கள். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆளில்லை. இந்த நோய் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதுக்காரர்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறேன், வருடம் ஒருமுறை கண் பரிசோதனை. நடவுக்குப் போக முடிவதில்லை, மற்றபடி நன்றாக இருக்கிறேன். மூட்டு வலியோடு முகத்தில் தடிப்பும் இருந்தால் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த நோய் கிட்னியைச் சத்தமில்லாமல் பிடிக்கும்.

#12 வேதாரண்யம்

எனக்குப் பெரிய ஏக்கம் ஒன்று. நம் பக்கத்து ஆஸ்பத்திரியை வைத்து இப்படி ஒரு தொடர் எடுத்தால் என்ன? விரியன் கடித்தவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் அந்த இருபது நிமிடத்தைவிடப் பதற்றமான காட்சி எந்தத் தொடரில் இருக்கிறது? கட்டுவிரியன் ராத்திரி பாயில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் தடம்கூடத் தெரியாது. காலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்று வருவார். கேட்கத் தெரிந்தவர் “ராத்திரி தரையில் படுத்தீர்களா” என்று கேட்பார்.

#13 மன்னார்குடி மகள்

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் எழுதியதில் ‘தலையைத் தூக்குங்க அய்யா’ என்ற இடத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “அதே மாதிரி என்னையும் தினம் கேட்டாங்க, எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்றார். அவருக்கு மூன்றாம் நாள் தூக்க முடியவில்லையாம். ஐ.சி.யூ-வுக்கு மாற்றியதற்குக் காரணம் அதுதான் என்று எங்களுக்கே இன்றுதான் விளங்கியது.

பக்கத்து வயல்காரர் நாளைக் காலை சம்பாவுக்கு மருந்து அடிக்கிறார். அப்பா இப்போது டார்ச் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார், டேங்க் மூடிக்கு வாஷர் இருக்கிறதா என்று பார்க்க. கையில் எங்கள் வீட்டுப் பழைய பல் பிரஷ் இரண்டு.